பட்டியலில் இல்லாத ரங்கூன்

1

போன வருடம் ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அன்று நான் ஜொகூரில், பெக்கோக்குக்கு மூன்று மைல் தள்ளியிருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பிரிவினைச் செய்தியை என் கணவர் பழைய பத்திரிகை ஒன்றில் பார்த்து இரண்டு வாரம் கழித்துச் சொன்னார். அவர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. "உங்க ரங்கூன் தனிக்குடித்தனம் போயிருச்சாம்" என்றார். நானும் சிரித்தேன்.

மாயவரம் பக்கத்திலிருந்து என்னைக் கைக்குழந்தையாக ரங்கூனுக்குத் தூக்கிப்போனார்கள். அப்பா அங்கே ஓர் அரிசி மில்லில் எடை போடுபவர். தங்கை கமலா அங்கேதான் பிறந்தாள். அவளைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். அறியாத கை ஒன்று அவசரப்பட்டு இழுத்ததில் வந்த வினை அது. அதனால்தான் பதினெட்டு வயதில் நான் மருத்துவச்சிப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது, உறவுக்காரர்கள் முகம் சுளித்தும், அப்பா மறுக்கவில்லை. ரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். கல்யாணமாகி, மகள் சரசு பிறந்து, கணவருடைய அண்ணன் சொல்லி அவருக்குத் தோட்ட வேலை கிடைத்து இங்கே வந்து பத்து வருடமாகிறது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கமலா மட்டும் அங்கே, ரங்கூன் தபாலாபீஸில் வேலை பார்க்கும் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள்.

இங்கே மருத்துவச்சிகள் வருடம் ஒருமுறை சிகாமட் நகரத்துச் சுகாதார ஆபீஸுக்குப் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் வழக்கம்போலப் போனேன். அங்கே குமாஸ்தா செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. என் சான்றிதழை விரித்துப் பார்த்தவர் முத்திரைக் கட்டையை எடுக்கவில்லை.

"அம்மா, இது ரங்கூனில எடுத்தது?"

"ஆமாங்கய்யா. வருசா வருசம் இதத்தானே கொண்டு வர்றேன்."

"ஓம், தெரியும். போன வருசம் நான்தான் முத்திரை போட்டனான். ஆனா போன வருசம் ரங்கூன் இந்தியாவுக்குள்ள கிடந்தது. இப்ப இல்லை. எங்கட பட்டியலில இந்தியா எண்டு இருக்கு, இலங்கை எண்டு இருக்கு. பர்மா எண்டு ஒரு இடமும் இல்லை."

"நான் படிக்கிறப்போ அது இந்தியாதானுங்களே."

அவர் சான்றிதழைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். என்னை அலைக்கழிப்பதில் ஆசை கொண்ட மனிதராகத் தெரியவில்லை.

"படிச்சது அப்ப. முத்திரை போடுறது இப்ப" என்றார். பிறகு உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். "நவம்பர் முப்பதாம் திகதி வரைக்கும் தவணை தந்திருக்கு. அதுக்குள்ள உங்கட சான்றிதழ் இன்னும் செல்லும் எண்டு ரங்கூனில இருந்தோ மெட்ராசில இருந்தோ ஒரு உறுதிக் கடிதம் எடுத்துப்போடுங்கோ. இல்லாட்டில் டிசம்பரில இருந்து நீங்கள் ஒரு பிரசவமும் பார்க்கக் கூடாது. பார்த்தால் வழக்கு வரும். நான் சொல்லேல்லை எண்டு பிறகு சொல்லாதேங்கோ."

2

மெட்ராஸுக்கு எழுதினேன். ஜூலையில் பதில் வந்தது: நீங்கள் பயிற்சி பெற்ற இடம் ரங்கூன், ஆகவே ரங்கூனைக் கேட்கவும். ரங்கூனுக்கு எழுதினேன். செப்டம்பரில் பதில் வந்தது: நீங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் பர்மா இந்தியாவோடு இருந்தது, பழைய பதிவேடுகள் பிரித்து ஒதுக்கப்பட்டு வருகின்றன, மெட்ராஸைக் கேட்டுப்பார்க்கவும். இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் கணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி எழுதறதுக்கு ஒரு தெறமை வேணும்" என்றார்.

ரங்கூனில் யாராவது நேரில் போய் நின்றால்தான் காரியம் நடக்கும் என்று தெரிந்தது. கமலாவுக்கு எழுதினேன். அவள் பதிலைப் படித்த பிறகுதான் அவள் தலையில் என்ன இறங்கியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

தபாலாபீஸில் அவள் கணவருக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பர்மா உத்தியோகத்தில் இருக்கிறாயா, இந்தியா உத்தியோகத்துக்குப் போகிறாயா? ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. இங்கே இருந்தால் நாளைக்கு மேலே வருகிறவன் நம்மை வைத்திருப்பானா, பென்ஷன் யார் தருவது என்று அவருக்குப் பயம். அங்கே போனால் எந்த ஊரில் போடுவார்களோ, பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் என்ன செய்யும் என்று அவளுக்குப் பயம். கும்பகோணத்திலிருந்து மாமியார் அனுப்பிய அப்பளப் பார்சலை இப்போது சுங்கத்தில் உடைத்துப் பார்த்து வரி போடுகிறார்களாம். ஊர்க் கடிதத்துக்குத் தபால்தலை விலை ஏறிவிட்டதால் மாமியார் வாரக் கடிதத்தை மாதக் கடிதமாக ஆக்கிவிட்டாளாம். இனிமேல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு வைப்பார்கள் என்று கடைத்தெருவில் பேச்சாம்.

கடைசியில் எழுதியிருந்தாள்: "அவர் இந்தியா என்று எழுதிக் கொடுத்துவிட்டார் அக்கா. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. டிசம்பர் முதல் வாரம் கப்பல். பெல்லாரியில் வேலை போட்டிருக்கிறார்கள். அங்கே தமிழ் பேசுவார்களா? உன் காரியத்தை அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்."

கமலா இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

3

தோட்டத்திலும் இந்தப் பிரிவினை ஒரு சுற்று வந்தது. தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் தின்பது ரங்கூன் அரிசி. தோட்டக் கடைக்காரர் ஒரு மாதம் விலையை ஏற்றிவிட்டு, "பர்மா பிரிஞ்சு போச்சுல்ல" என்றார். பெண்கள் என்னிடம் வந்து, "உங்க ஊரு அரிசி இனிமே வராதாம்மா?" என்று கேட்டார்கள். வரும் என்றேன். வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த மாதமும் அவர் விலையை இறக்கவில்லை.

சரசுவுக்குப் பன்னிரண்டு வயது. பெக்கோக்கில் சின்ன ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறாள். தோழிகளோடு மலாய் பேசுகிறாள், வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் சொல்கிறாள், எங்களோடு பேசும்போது மட்டும் தமிழ். அக்டோபரில் ஒரு நாள் பள்ளிப் படிவம் ஒன்றைக் கொண்டு வந்தாள். பிறந்த ஊர், பிறந்த தேசம்.

"ரங்கூன், இந்தியான்னு எழுது" என்றார் அவள் அப்பா.

"போன வாரம் அப்படித்தான் எழுதுனேன். டீச்சர் இந்தியாவ அடிச்சிட்டாங்க."

"அப்ப பர்மான்னு எழுது."

"நான் பர்மாக்காரியாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் என்ன எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"பெக்கோக், ஜொகூர்னு எழுதிட்டேன். ரொம்ப சூசாமா, ஒவ்வொருத்தர்கிட்டயும் வெளக்கிக்கிட்டு இருக்கறது" என்றாள். சூசா என்றால் மலாயில் தொல்லை. அவளுக்கு அது பொய்யாகவே படவில்லை.

நவம்பர் முப்பது வந்தது. ரங்கூனிலிருந்து ஒன்றும் வரவில்லை. தோட்டத் துரை என் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பதிவு இல்லாமல் உன் மனைவி ஒரு கேஸைத் தொட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அப்புறம் நீங்கள் இருவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ரப்பர் விலை விழுந்த வருடங்களில் கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியபோதும் தன் நாற்காலியைக் காப்பாற்றி வைத்திருந்தவர் என் கணவர். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில் லயத்தில் நாள் நெருங்கியிருந்தவள் முனியம்மாள் ஒருத்திதான். ரப்பர்ப் பால் வெட்டும் வீரனின் மனைவி. முதல் பிள்ளை அவளுக்குத் தங்கவில்லை. நவம்பர் நடுவில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதே தலை மேலே இருப்பது தெரிந்தது. கீழே திரும்பும் என்று இரண்டு வாரம் பார்த்தேன், திரும்பவில்லை. சிகாமட் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடு என்றேன். திங்கட்கிழமை லோரியில் ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு.

4

வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமையும் விடவில்லை. பால் வெட்டு நின்றுபோனது. காலை பத்து மணியிருக்கும். வீரன் நனைந்தபடி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, முனியம்மாளுக்கு வலி கண்டிருச்சு. எங்க ஆத்தா பாத்துட்டு, காலு தட்டுப்படுதுங்குது."

வீரனுடைய தாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்தக் காலத்தில் ஊரில் பிரசவம் பார்த்தவளாம்.

"லோரிய எடுக்கச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றார் என் கணவர்.

"லோரி எங்கிட்டு போகுங்க கெராணியாரே. பாலத்து மேல இடுப்பளவு தண்ணி ஓடுது. டிரெஸ்ஸர் ஐயாவும் அந்தக் கரையில மாட்டிக்கிட்டாரு."

டிரெஸ்ஸர் என்பவர் தோட்டத்தில் மருந்து கொடுப்பவர். முந்தின நாள் காய்ச்சல்காரர்களைக் கொண்டுபோய் விடப் போனவர்.

வீரன் என்னைப் பார்க்கவில்லை. நான் வரக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். தரையைப் பார்த்தபடி, "ஆத்தா காலப் புடிச்சு இழுத்துரலாமாங்குது" என்றான்.

எழுந்து பையை எடுத்தேன்.

"தனம்" என்றார் அவர். "தொரை சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"சரசு படிப்பு இருக்கு. வேற எங்க போவோம்? ரங்கூனுக்கா?"

"நான் போகலேன்னா அந்தம்மா இழுத்துரும்ங்க."

அவர் வாசலை மறிக்கவில்லை. மூலையில் இருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

லயத்து அறையில் கால் வைக்க இடமில்லாமல் பெண்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி, தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். கிழவி முனியம்மாளின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாதம் வெளியே தெரிந்தது. கிழவியின் கை அதைத் தேடிப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா, புள்ள போயிரும்" என்றாள்.

"இழுத்தாத்தான் போயிரும், ஆத்தா. நீங்க தலைமாட்டுக்குப் போயி அவ கையப் புடிச்சுக்கங்க."

காலால் வரும் பிள்ளைக்குச் செய்யவேண்டியதில் பாதி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ரங்கூனில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பர்மியத் தலைமை நர்ஸ், எங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வாள். தொப்புள் தெரியும்வரை தொடாதே. நான் அப்படியே நின்றேன். தகரக் கூரைமேல் மழை கொட்டியதில் முனியம்மாளின் குரல்கூடச் சரியாகக் கேட்கவில்லை. இடுப்பு வந்தது. சுடுதண்ணீரில் பிழிந்த துணியால் சுற்றினேன். தோள் வந்தது, ஒவ்வொரு கையாக எடுத்துவிட்டேன். தலை நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நீண்ட நேரமாக இருந்திருக்க முடியாது, இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திராது. பிள்ளையின் உடம்பை என் முன்கைமேல் கிடத்திக்கொண்டு, ஒரு விரலை அதன் வாயில் கொடுத்துத் தலையை மடக்கினேன். "முக்கு, முனியம்மா" என்று கத்துவதாக நினைத்துக்கொண்டு பர்மிய மொழியில் கத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலையை நான் கற்ற மொழி அது. முனியம்மாளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனால் முக்கினாள். தலை வந்தது.

"யபீ" என்றேன். ஆயிற்று என்று அர்த்தம்.

பெண் பிள்ளை. நீலம் பாரித்துக் கிடந்தது. துடைத்து, வாயைச் சுத்தம் செய்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கிழவி, "சத்தம் வரலியே" என்றாள். இன்னொரு தரமும் சொன்னாள். அப்புறம்தான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

5

தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தை எழுதுவது என் கணவர். மத்தியானம் வீரன் வந்தான். குழந்தை, தாய், தகப்பன், நேரம் எல்லாம் எழுதியாயிற்று. 'பிரசவம் பார்த்தவர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"எங்க ஆத்தா பேர எழுதிருங்க" என்றான் வீரன். "லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளையின் இடது கால் கன்றியிருந்தது. நாளைக்கு அந்தக் கால் சரியாக ஊன்றாவிட்டால் டாக்டர் புத்தகத்தைப் பார்ப்பார், கண் தெரியாத கிழவியைக் கூப்பிட்டு ஏன் தொட்டாய் என்று கேட்பார். அவளோ தொடவே இல்லை. நான்தான் தொடவிடவில்லை.

"என் பேரையே எழுதுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து மை ஒற்றுத்தாளை வைத்து அழுத்தியவர், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். சரசு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

திங்கட்கிழமை துரை புத்தகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே என் கணவரை விசாரித்து, வீரன் கிழவியின் பேரை எழுதச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சிகாமட்டுக்கு அறிக்கையாக எழுதினார். கோபப்படவில்லை என்று ஆபீஸ் பையன் சொன்னான். பதில் வரும்வரை வீட்டில் இருக்கலாம் என்றாராம். நான் பெட்டிகளை ஒழுங்குபண்ண ஆரம்பித்தேன். எந்த ஊருக்கு என்று தெரியாமல் பெட்டி கட்டுவது அதுவே எனக்கு முதல் தடவை. முந்தின வாரம் கமலாவும் பெட்டி கட்டியிருப்பாள்.

6

வெள்ளம் வடிந்து ரயில் ஓடத் தொடங்கியதும், அந்த வார வெள்ளிக்கிழமையே டாக்டர் முன் ஆஜராகும்படி உத்தரவு வந்தது. என் கணவரும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார், பேசாமலே. பெக்கோக் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தபாலாபீஸ். வெள்ளத்தில் ஒரு வாரமாகத் தேங்கியிருந்த வெளிநாட்டுத் தபால் அன்று காலைதான் வந்திருந்தது. அவர் உள்ளே போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்து ஒரு நீண்ட உறையை என் மடியில் வைத்தார். பர்மாத் தபால்தலை, கமலாவின் கையெழுத்து. உள்ளே அவள் கடிதம் ஒன்று, ரங்கூன் முத்திரை போட்ட தாள் ஒன்று. ரயில் வந்துவிட்டது. தாளை மட்டும் படித்தேன். கடிதத்தைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

செல்லத்துரை அந்தத் தாளை மூன்று முறை படித்தார்.

"இதில திகதி நவம்பர் இருபத்தஞ்சு எண்டு கிடக்கு."

"இன்னைக்குக் காலையிலதாங்கய்யா கையில கெடைச்சது."

"எப்ப கிடைச்சதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எப்ப எழுதினதெண்டதுதான் கணக்கு." அவர் என் பக்கம் தாளைத் திருப்பித் தேதியின்மேல் விரலை வைத்தார். "தவணை முப்பதாம் திகதி. உறுதி இருபத்தஞ்சாம் திகதி. அப்ப நீங்கள் ஒரு நாளும் பதிவுக்கு வெளியில நிக்கேல்லை. பாத்தது பதிவுள்ள மருத்துவச்சி பாத்த பிரசவம்."

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தது. டாக்டரின் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. செல்லத்துரையின் குரல் ஒரே சீராக இருந்தது. என் கணவர் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த செல்லத்துரை நாற்காலியில் உட்கார்ந்து, முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி, என் சான்றிதழில் அழுத்தினார்.

"கிழவியின்ர பேரை எழுதாமல் விட்டது நல்லது" என்றார், தலை நிமிராமல். "அவவுக்கு இந்தக் கடுதாசி உதவியிராது."

திரும்பும் ரயிலில் கமலாவின் கடிதத்தைப் பிரித்தேன்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஒன்பது முறை போனேன். பழைய பதிவேடுகளையெல்லாம் நடையில் குவித்து வைத்திருக்கிறார்கள், எது இங்கே, எது இந்தியாவுக்கு என்று பிரித்துக்கொண்டு. தேடிக் கொடுக்க ஆள் இல்லை என்றார்கள். நானே தேடிக்கொள்கிறேன் என்று கேட்டு, மூன்று நாள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து தேடினேன். கிடைத்தது. உன் பெயருக்கு எதிரே, சம்மதம் என்ற இடத்தில் அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு அது எழுத்தா கிறுக்கலா என்று தெரியவில்லை. நான் படித்துச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அப்பா கையெழுத்தை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. இந்தப் புத்தகம் எங்கே போகும் என்று கேட்டேன். இது இங்கேயேதான் இருக்கும் என்றார். அப்பா கையெழுத்து ரங்கூனில் இருக்கும் அக்கா. நாங்கள்தான் போகிறோம். புதன்கிழமை கப்பல்."

அந்தப் புதன்கிழமை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். லாபிஸ் ஸ்டேஷன் தாண்டியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் இன்னும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசினார்.

"மாமா கையெழுத்து எப்படி இருக்கும், தனம்?"

அவர் சட்டைப்பையில் இருந்த பென்சிலை வாங்கி, உறையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டப் பார்த்தேன். முதலெழுத்து 'சு'. அதன் சுழியை அப்பா பெரிதாக வளைத்துக் கீழே இழுத்துவிடுவார். அதுவரை வந்தது. அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.